ஸ்பெயினில் மேற்படிப்பு: வாசகர் கேள்விகள்

தர்மபுரியில் பி.எஸ்சி. முடித்தேன். ஸ்பெயினில் ஓர் எம்.எஸ்சி.க்கு இடம் கிடைத்திருக்கிறது. சான்றிதழ்களை முதலில் ஸ்பானிஷில் மொழிபெயர்த்துவிடலாம் என்கிறார் ஏஜென்ட். சரிதானா?
- வாசகி, பென்னாகரம்

வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். முதலில் அப்போஸ்டில், அதற்குப் பிறகுதான் மொழிபெயர்ப்பு. அப்போஸ்டில் என்பது, சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுபடியாக நம் வெளியுறவு அமைச்சகம் அதன் பின்பக்கம் ஒட்டித் தரும் ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கரில் உள்ளதும் ஸ்பானிஷுக்குப் போக வேண்டும். வரிசையை மாற்றினால் அது மட்டும் விடுபட்டு, மொழிபெயர்ப்புக்கு இரண்டாம் முறை காசு அழ வேண்டியிருக்கும்.

டிகிரி சர்டிபிகேட்டும் மார்க் ஷீட்டும் நேராக அமைச்சகத்துக்குப் போகாது. சென்னையில் உயர்கல்வித் துறையின் சான்றொப்பம் வாங்கிய பிறகே போகும். அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஒரு தாளுக்கு 50 ரூபாய்தான். தாளை வாங்கிக் கொடுக்கும் ஏஜென்சியின் கட்டணம் தனி. ஆயிரக்கணக்கில் கேட்டால், எதற்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: மார்க் ஷீட் கைக்கு வந்த அன்றே ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டுவிடுவது. பிளாஸ்டிக் மேல் முத்திரையும் ஒட்டாது, ஸ்டிக்கரும் ஒட்டாது. சூடு காட்டிப் பிரித்தால் எழுத்து அட்டையோடு வந்துவிடும். அதற்குப் பதில் பல்கலைக்கழகத்தில் நகல் சான்றிதழுக்கு இன்றே விண்ணப்பியுங்கள். அதுதான் அதிக நாள் இழுக்கும் வேலை.

விசாவுக்குக் கேட்கும் போலீஸ் கிளியரன்ஸ் (குற்ற வழக்கு இல்லை என்ற சான்று) பாஸ்போர்ட் அலுவலகம் தருவது. அதற்கு மாநிலச் சான்றொப்பம் தேவையில்லை, நேராக அப்போஸ்டில். ஆனால் இதை முந்தி வாங்கி வைக்காதீர்கள். விசா மனு கொடுக்கும்போது 6 மாதத்துக்கு மேல் பழசாக இருந்தால் செல்லாது. மருத்துவச் சான்றுக்கு 3 மாதம்தான். அதிலும் 'உடல்நலத்துடன் உள்ளார்' என்ற ஒற்றை வரி போதாது. 2005ஆம் ஆண்டு சர்வதேச சுகாதார விதிமுறைகளின்படி பொதுச் சுகாதாரத்தைப் பாதிக்கும் நோய் எதுவும் இல்லை என்ற வாசகம் வேண்டும். வாசகத்தை டைப் செய்து டாக்டரிடம் கையோடு கொண்டுபோங்கள். மொழிபெயர்ப்பாளர், ஸ்பெயின் வெளியுறவு அமைச்சகத்தின் பட்டியலில் உள்ள 'ஹுராதோ' (அரசு அங்கீகரித்த) மொழிபெயர்ப்பாளராக இருக்கட்டும்.

மகனுக்கு பார்சிலோனாவில் ஓராண்டு 'மாஸ்டர்' என்கிறார்கள். நுழைவுத் தேர்வும் இல்லை. நம்பலாமா?
- வாசகர், ஓசூர்

ஒரே கேள்வி கேளுங்கள்: இது 'ஒஃபிசியால்' மாஸ்டரா? ஸ்பெயினில் 'மாஸ்தெர் ஒஃபிசியால்' என்பது அரசு அங்கீகரித்த பட்டம். 'தீத்துலோ புரோப்பியோ', 'ஃபோர்மசியோன் பெர்மனென்தே' என்றெல்லாம் வருபவை பல்கலைக்கழகம் தன் பெயரில் தரும் பட்டங்கள். புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களும் இவற்றை நடத்துகின்றன, ஏமாற்று வேலை இல்லை. ஆனால் இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு அங்கே பி.எச்டி. சேர முடியாது; இங்கே இணைத்தன்மைச் சான்று (நம் நாட்டுப் பட்டத்துக்குச் சமம் என்ற சான்று) வாங்குவதும் பெரும்பாடு. 'ரூக்த்' என்ற அரசுப் பதிவேடு இணையத்தில் இருக்கிறது. படிப்பின் பெயர் அதில் இல்லையென்றால், முன்பணம் கட்டாதீர்கள்.

பயிற்றுமொழியையும் பாருங்கள். பார்சிலோனாவில் பல வகுப்புகள் கத்தலான் மொழியில் நடக்கும். அது ஸ்பானிஷின் வட்டார வழக்கு அல்ல, தனி மொழி. மகன் ஸ்பானிஷில் பி2 (சரளமாகப் பேசும் நிலை) தேறியிருந்தாலும் முதல் மாதம் விழி பிதுங்கும்.

பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும். சிக்கல் வருமா?
- வாசகர், காவேரிப்பட்டினம்

வரும். ஸ்பானியர்களுக்கு இரண்டு குடும்பப் பெயர்கள், தந்தை வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று. அங்குள்ள பல படிவங்கள் முதல் குடும்பப் பெயரை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே போகாது. நேரம் இருந்தால் தந்தை பெயரை சர்நேமாக்கிப் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்துகொள்ளுங்கள். மார்க் ஷீட்டில் உள்ளவரும் பாஸ்போர்ட்டில் உள்ளவரும் ஒருவரே என்று நோட்டரி அபிடவிட் ஒன்று போட்டு, அதையும் அப்போஸ்டில் செய்துவிடுங்கள். இரண்டாம் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கட்டும். அம்மா பெயரை நிரப்பினால் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாது. 6 மாதத்துக்கு மேல் தங்குபவர்கள் நாட்டுக்குள் நுழைந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கே பெயர் பிசகினால் திருத்த மறுபடி அப்பாயின்ட்மென்ட் எடுக்க வேண்டும், பெரிய ஊர்களில் அது லேசில் கிடைக்காது.

மாங்காய் விற்ற பணத்தை மகள் கணக்கில் போட்டுக் காட்டினால் போதுமா? எவ்வளவு காட்ட வேண்டும்?
- வாசகர், போச்சம்பள்ளி

மாதச் செலவுக்கு எவ்வளவு காட்ட வேண்டும் என்பதற்கு ஸ்பெயின் 'இப்ரெம்' என்ற தன் அரசு வருமானக் குறியீட்டை அளவாக எடுக்கிறது. 2023இல் அது மாதம் 600 யூரோ என்று நிர்ணயமானது. மனு கொடுக்கும் ஆண்டின் தொகையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 600 வீதம் 10 மாதத்துக்கு 6,000 யூரோ. கல்லூரிக் கட்டணம் இதில் சேராது. தங்கும் இடத்துக்கு முழுப் பணமும் முன்கூட்டியே கட்டிய ரசீது இருந்தால் அந்த அளவு குறையும். வாரம் 30 மணி நேரம்வரை வேலை பார்க்க மாணவர்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் வரப்போகும் சம்பளத்தை இந்தக் கணக்கில் காட்ட முடியாது.

மனுவுக்கு முந்தைய வாரம் மொத்தமாக விழும் பணம் சந்தேகத்தைக் கிளப்பும். மண்டி ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். சீசன் முடிந்ததுமே வங்கியில் போட்டுவிடுங்கள். வங்கிச் சான்றில் 7,20,000 என்று நம் முறையில் காற்புள்ளி இருந்தால் அங்கே குழப்பம், அவர்களுக்குக் காற்புள்ளி தசமப் புள்ளி. தொகையை எழுத்தாலும், யூரோ மதிப்போடும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மாம்பழம், ராகி மாவு, நெய் கொடுத்தனுப்பலாமா?
- வாசகி, கிருஷ்ணகிரி

மாம்பழம் கூடாது. 2019 டிசம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தாவரச் சுகாதாரச் சான்று இல்லாமல் கொண்டுபோகக்கூடிய பழங்கள் ஐந்துதான்: தேங்காய், வாழை, அன்னாசி, பேரீச்சை, டுரியான். பச்சைக் கறிவேப்பிலைக்கும் இதே தடை. நெய், பால்கோவா என எந்தப் பால் பொருளும் ஆகாது. ராகி மாவு லேபிளுள்ள பாக்கெட்டாக இருந்தால் கொடுத்தனுப்புங்கள். அரிசி, பருப்பு, புளி அனுப்பி வீணாக எடை ஏற்றாதீர்கள். மாட்ரிட்டின் லவாபியெஸ், பார்சிலோனாவின் ரவால் பகுதிகளில் உள்ள தெற்காசியக் கடைகளில் அவை கிடைக்கும்.