வாசகர் கேள்வி: வீட்டுக்குப் பின்னால் ஓர் அனெக்ஸ்

கேள்வி: எங்கள் சொந்தக் காணியில், வீட்டின் பின்புற மேட்டை வெட்டி அனெக்ஸ் ஒன்றைக் கட்டி, ஆசிரியர் குடும்பமொன்றுக்கு இரண்டு வருடங்களுக்கு வாடகைக்குக் கொடுக்க எண்ணுகிறோம். எவற்றைக் கவனிக்க வேண்டும்? – வாசகி, அட்டன்

பதில்: முதலில் மேட்டைத் தொடாதீர்கள். உங்கள் நுவரெலியா மாவட்டம் மண்சரிவு அபாயம் உள்ளது என்பதால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைப் பெற்று, வரைபடத்துடன் உள்ளூராட்சி மன்றத்தில் சமர்ப்பித்து, அனுமதி கிடைத்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று கட்டட வேலை செய்யும் பாஸ் (மேசன்) சொல்லக்கூடும், கேட்காதீர்கள். வெட்டிய சரிவுக்குள் மழைநீர் இறங்கினால் மண் கனத்துப் பிடிப்பை இழக்கும் என்பதால், மேலே வடிகானும் தாங்குசுவரில் நீர் வெளியேறும் துளைகளும் அவசியம். அடுத்து வாடகை ஒப்பந்தம்: உங்களுடைய இரண்டு வருட வாடகை போன்று ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும்.