நன்றி நோட்டில் தினமும் என்ன எழுதுவது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன: அன்றாடச் சந்தோஷங்கள், பொழுதுபோக்கு, அப்புறம் நன்றி. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அக்கா, என் பிறந்தநாளுக்குத் தோழி ஒரு அழகான நோட்டு கொடுத்து, தினமும் படுக்கும் முன்பு நீ நன்றி சொல்ல நினைக்கிற மூன்று விஷயங்களை இதில் எழுது, மனசு லேசாகும் என்றாள். முதல் பத்து நாள் நன்றாக இருந்தது. இப்போது மூன்று மாதமாகிறது, குடும்பம், உடல்நலம், சாப்பாடு என்று அதையே திரும்பத் திரும்ப எழுதுகிறேன், வேலைக்குப் போனதும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது மாதிரி. மனசில் ஒன்றுமே வரவில்லை. எனக்கு நன்றியுணர்ச்சியே கிடையாதோ என்று பயமாக இருக்கிறது. (வாசகி, திருப்பூர்)

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். உங்கள் மனசில் ஒரு குறையும் இல்லை, எழுதுகிற விதத்தில்தான் இருக்கிறது. குடும்பம் என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது, அது வெறும் தலைப்பு. நேற்று சாயங்காலம் திடீரென்று மழை பிடித்தபோது யாரும் சொல்லாமலே உங்கள் பையன் மாடிக்கு ஓடிப்போய்க் காய்ந்துகொண்டிருந்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எழுத உட்கார்ந்தால் அவன் தலை நனைந்திருந்ததும், துணி விழாமல் இருக்க மோவாயால் அழுத்திப் பிடித்தபடி படியிறங்கியதும் சேர்ந்து ஞாபகம் வரும், மனசு தானாக இளகும்.

ஊதுபத்தி ஏற்றிய அறையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் வாசம் தெரியாமல் போகிறது, வெளியே போய்விட்டு வந்தால் மறுபடி தெரிகிறது. தினமும் அதே மூன்றை எழுதினால் நடப்பதும் இதுதான். நன்றி நோட்டு என்ற பழக்கம் இவ்வளவு பரவியதற்கு முக்கியக் காரணம் அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு உளவியல் பேராசிரியர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு. கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை நன்றிக்குரிய விஷயங்களையும், இன்னொன்றை எரிச்சலூட்டிய விஷயங்களையும், மூன்றாவதை அந்த வாரம் நடந்தவற்றை மட்டும் எழுதச் சொன்னார்கள். நன்றிக் குழுவினர்தான் தங்கள் வாழ்க்கையைப் பற்றிக் கூடுதல் நிறைவோடு பேசினார்கள். இதில் நாம் கவனிக்காமல் விடுவது என்னவென்றால், அந்த மாணவர்கள் எழுதியது தினமும் இல்லை, வாரத்துக்கு ஒரு முறை. சோன்யா லுபோமிர்ஸ்கி என்ற ஆய்வாளரின் குழு பின்னால் பார்த்தபோதும் வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. அதனால் உங்கள் நோட்டு இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கட்டும்.

எனக்கு இதைவிடப் பிடித்த வழிகாட்டி நம் குறள். அந்த அதிகாரத்தின் பெயரைப் பாருங்கள், செய்ந்நன்றி அறிதல். சொல்லுதல் என்று இல்லை, அறிதல். நன்றி என்ற சொல்லுக்கே அங்கே நன்மை என்றுதான் பொருள், இன்னொரு குறள் ‘நன்றிக்கு வித்தாகும் நல்லொழுக்கம்’ என்று சொல்வதும் நன்மைக்கு விதை என்ற அர்த்தத்தில்தான். அப்படியென்றால் நமக்குச் செய்யப்பட்ட நன்மை இன்னது, அதைச் செய்தவர் இன்னார், அதற்காக அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்று விவரமாகத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. மூன்று விஷயம் வேண்டாம், ஒன்றை எடுத்து ஐந்து வரி எழுதுங்கள்.

என் நோட்டில் போன வாரம் இருப்பது இது. தெருமுனையில் கரிப்பெட்டி வைத்து இஸ்திரி போடும் அண்ணன், சட்டையோடு சேர்த்து ஒரு இருநூறு ரூபாய்த் தாளையும் நீட்டினார். பையில் இருந்ததாம். அந்தத் தாளும் சுருக்கமில்லாமல் மடித்திருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை வீட்டுத் துணி அந்த மேசைக்கு வரும், ஒவ்வொரு பையாகக் கை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை வைக்கிறார் என்பது இத்தனை வருடம் அவரிடம் துணி கொடுத்தும் எனக்குத் தெரியாது. இதை எழுதி முடித்தபின் நெடுநேரம் அவரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி: விடுதியிலிருந்து லீவுக்கு வரும்போது அம்மாவிடம் நன்றி சொன்னால், என்ன மக்களே, உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். நம் வீடுகளில் ஏன் இந்த வார்த்தையே சரியாக உட்கார மாட்டேன் என்கிறது? (மாணவர், நாகர்கோவில்)

பதில்: வீட்டுக்குள் அந்த வார்த்தை அந்நியர்களுக்கு நடுவே சொல்வது போலக் கேட்கிறது, அதனால் அம்மாவுக்குப் பதற்றம் வருவதில் ஆச்சரியமில்லை. அதற்குப் பதிலாகக் கேள்வி கேளுங்கள். உங்கள் ஊர் உள்ளித் தீயல் குழம்புக்குத் தேங்காயை எந்த நிறம் வரும்வரை வறுக்கணும், கருகிப் போகாமல் எப்படிம்மா பார்த்துக்கொள்கிறாய் என்று அடுப்பு பக்கத்தில் நின்று கேளுங்கள். தான் செய்வதைப் பிள்ளை கவனித்திருக்கிறான் என்று அம்மாவுக்குத் தெரிந்தால் போதும்.

கேள்வி: 38 வருடம் கணக்கு எழுதும் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு என்றே போய்விட்டது, எனக்கென்று எந்த ஆர்வமும் வளர்த்துக்கொள்ளவில்லை. காலையிலிருந்து டிவியில் செய்தி, அது முடிந்தால் போன். ஏதாவது ஹாபி வைத்துக்கொள்ளுங்கள் என்கிறாள் மனைவி. சங்கீதம் தெரியாது, ஓவியம் வராது, செடி வைக்க இடம் இல்லை. 60 வயதுக்கு மேல் ஆர்வம் எங்கிருந்து வரும்? (வாசகர், ஸ்ரீரங்கம்)

பதில்: ஐயா, உங்கள் வீட்டில் காக்காய்க்குச் சோறு வைப்பார்கள் இல்லையா? நாளையிலிருந்து அதை நீங்கள் வையுங்கள். வைத்துவிட்டு உடனே உள்ளே வந்துவிடாமல் பத்து நிமிடம் அங்கேயே தள்ளி நில்லுங்கள். கழுத்து சாம்பலாக இருப்பது வீட்டுக் காக்கை, உடம்பு முழுக்கக் கறுப்பாக, அலகு தடித்திருந்தால் அது அண்டங்காக்கை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த அன்றைக்கே உங்களுக்கு ஒரு ஆர்வம் தொடங்கிவிட்டது.

ஆர்வம் வந்தபின் தொடங்கலாம் என்று காத்திருக்கிறோம், ஆனால் என் அனுபவத்தில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்தபின்தான் ஆர்வம் வருகிறது. பங்குனி, சித்திரையில் விடியற்காலையில் கூவுகிறதே குயில், அது பெண் என்று நினைத்துப் பாட்டெல்லாம் கட்டிவிட்டோம், அப்படி உரக்கக் கூவுவது ஆண். ஆண் பளபளப்பான கறுப்பு, சிவப்புக் கண். பெண் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்டிருக்கும், இலைக்குள் இருந்தால் கண்ணுக்கே சிக்காது. குயில் சொந்தமாகக் கூடு கட்டுவதில்லை, காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், காக்கைதான் அடைகாத்து வளர்க்கும். போன கோடையில் எங்கள் மாடிச் சுவரில் வைத்த தயிர்சாதத்தைக் காக்கை எடுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டு வேப்பமரத்தில் கத்திக்கொண்டிருந்த குயில் குஞ்சின் வாயில் ஊட்டியதை நானே பார்த்தேன். ஒரு வாரம் யாரைப் பார்த்தாலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் இருப்பதோ காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில். காலை நடையைக் கொள்ளிடக் கரைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி, மின்கம்பியில் இரட்டைவால் குருவி, புதரில் கும்பலாகச் சத்தம் போடும் தவிட்டுக்குருவி, இந்த ஐந்து போதும் முதல் மாதத்துக்கு. குரலை வைத்துப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் என்ற செயலி இலவசமாகக் கிடைக்கிறது, போனையும் வேறு வேலைக்குப் பழக்கியதாக இருக்கும். தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, பிப்ரவரியில் உலக அளவில் ஒன்று நடக்கிறது, இரண்டிலும் யார் வேண்டுமானாலும் சேரலாம், ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்ததை எண்ணிப் பதிவு செய்தால் போதும். கணக்கு எழுதிப் பழகிய கைக்கு இது நன்றாகவே ஒத்துவரும். பைனாகுலர் உடனே வாங்க வேண்டாம். ஆறு மாதம் கழித்தும் போய்க்கொண்டிருந்தால் அப்போது பார்க்கலாம்.

கேள்வி: கூட்டுக் குடும்பம் எங்களுடையது. காலை ஐந்து மணிக்கு எழுந்து, யாரும் எழுவதற்கு முன் பின்வாசல் படியில் உட்கார்ந்து ஒரு டம்ளர் காபி குடிப்பேன். இருபது நிமிடம். அந்த நேரத்துக்குச் சட்னியாவது அரைத்து வைக்கலாமே என்கிறார் அத்தை. கேட்டதிலிருந்து காபி தொண்டையில் இறங்கவில்லை. இது சுயநலமா அக்கா? (வாசகி, சேலம்)

பதில்: இல்லவே இல்லை. அந்த இருபது நிமிடத்தை யாருக்காகவும் விட்டுவிடாதீர்கள் தங்கச்சி. நாள் முழுக்க அடுத்தவர் பசிக்கு எழுந்து ஓடுகிறவர் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுவது பெரும்பாலும் அந்த ஒன்றைத்தான். முந்தின இரவே ஃபில்டரில் பொடி போட்டு, சொட்டுச் சொட்டாக இறங்கி நிற்கும் முதல் டிகாஷன், அதில் அப்போது பொங்கிய பால், படியில் இன்னும் ஈரம் காயாத காற்று. போனை மட்டும் உள்ளேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சேலத்துக்காரரான உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தலைக்கு மேலே ஏற்காட்டில் காபித் தோட்டங்கள் இருக்கின்றன. மார்ச், ஏப்ரலில் கோடை மழை ஒன்று பெய்து பத்து நாளுக்குள் செடி முழுக்க வெள்ளைப் பூ விரியும், மல்லிகை மாதிரி வாசம், சில நாளில் உதிர்ந்துவிடும். அந்த மழை தப்பினால் அந்த வருடக் காய்ப்பே போச்சு. அப்புறம் குளிர்காலத்தில் சிவந்த பழமாகப் பார்த்துக் கையால் பறிக்கிறார்கள், அதில் பெரும்பகுதி பெண்கள். ஒரு தடவை பூக்கிற சமயத்தில் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், டம்ளரைக் கையில் எடுக்கும்போது வேறு மாதிரி இருக்கும்.

அத்தையையும் வாரத்தில் ஒரு நாள் படிக்குக் கூப்பிடுங்கள், அவருக்கும் ஒரு டம்ளர் கலந்து. அவர் மருமகளாக வந்த காலத்தில் இப்படி ஒரு இருபது நிமிடம் அவருக்குக் கிடைத்ததா என்று கேட்டுப் பாருங்கள். மற்ற ஆறு நாளும் உங்களுக்கே.

கேள்வி: கணவரின் தொழில் நொடித்துவிட்டது, நகை எல்லாம் அடகில். வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும், கை கால் நன்றாக இருக்கிறதே, இருப்பதை நினைத்துக் கடவுளுக்கு நன்றி சொல் என்கிறார்கள். கோபம்தான் வருகிறது. ராத்திரி தூக்கமும் இல்லை. (பெயர் வேண்டாம், மதுரை)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. கஷ்டத்தில் இருப்பவரிடம் போய் நன்றியோடு இரு என்பது, எங்களிடம் எதுவும் கேட்காதே என்று சொல்வதாகத்தான் காதில் விழும். என் அம்மா பல வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்கும் இப்படி நிறையப் பேர் சொன்னார்கள், எனக்கு அப்போது உதவியது, வார்டில் வேலை பார்த்த ஒரு அக்கா தினமும் ராத்திரி பத்து மணிக்கு என் ஃபிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு போய் வெந்நீர் பிடித்துக் கொடுத்ததுதான், அவர் எனக்கு ஒரு அறிவுரையும் சொல்லவில்லை.

நன்றி நோட்டு உங்களுக்கு இப்போது தேவையில்லை, அதை எழுதவில்லையே என்று இன்னொரு பாரத்தை ஏற்றிக்கொள்ள வேண்டாம். தூக்கம் போனதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், அரசு நடத்தும் மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசலாம். கணவரும் பேசினால் நல்லது. சாயங்காலம் பத்து நிமிடம் மொட்டை மாடியில் நடங்கள், எதற்கும் நன்றி சொல்வதற்காக இல்லை, காற்றுக்காக.

கேள்வி: நான் சாத்தூர் பக்கத்துக் கிராமத்தில் ஆரம்பப் பள்ளியில் படித்தவன். எங்கள் சத்துணவு ஆயா, எல்லோருக்கும் போட்டபின் மீதமிருக்கும் சோற்றை என் டிபன் பாக்ஸில் வைத்து, வீட்டில் தங்கச்சிக்குக் கொடு என்று அனுப்புவார். அப்போது அப்பா இறந்து வீட்டில் ரொம்பக் கஷ்டம். இப்போது சென்னையில் நல்ல வேலையில் இருக்கிறேன். ஆயா ஊரில்தான் இருக்கிறாராம். 25 வருடம் கழித்துப் போய் என்ன சொல்வது, கூச்சமாக இருக்கிறது. (வாசகர், சென்னை)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கட்டாயம் போங்கள், தள்ளிப் போடாதீர்கள், அவருக்கு இப்போது எழுபது வயதாவது இருக்கும்.

காமராஜர் காலத்தில் 1956-இல் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தபோது வேலைக்கு வந்தவர்களில் கணவரை இழந்தவர்களும் ஆதரவில்லாத பெண்களும் நிறைய. சொற்பச் சம்பளம், விறகுப் புகை. உங்கள் ஆயாவின் வீட்டிலும் அன்றைக்கு ஒரு பிள்ளை காத்துக்கொண்டிருந்திருக்கலாம், மீதிச் சோற்றுக்கு அவருக்கும் தேவை இருந்திருக்கலாம்.

இப்படி நேரில் போய் நன்றி சொல்வதை மார்ட்டின் செலிக்மன் என்ற உளவியலாளர் குழு 2005-இல் சோதித்துப் பார்த்திருக்கிறது. முன்பு உதவி செய்து, சரியாக நன்றி சொல்லப்படாத ஒருவருக்குக் கடிதம் எழுதி, அதை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு மாதம் கழித்தும் அந்தச் சந்தோஷம் நீடித்தது.

கூச்சத்துக்கு ஒரே வழி, பொதுவாகப் பேசாமல் விவரமாகப் பேசுவது. நீங்கள் இல்லையென்றால் நான் இல்லை என்கிற மாதிரிப் பெரிய வார்த்தைகள் வேண்டாம். டிபன் பாக்ஸ் என்ன நிறம், எந்த வகுப்பில் இருந்தீர்கள், சோற்றோடு என்ன வைத்தார், இதையெல்லாம் சொல்லுங்கள். அவருக்கு ஞாபகம் இல்லாமல் போயிருந்தாலும் வருத்தப்படாதீர்கள், எத்தனையோ பிள்ளைகளுக்குச் செய்திருப்பார். பழம், ஒரு நல்ல நூல் புடவை, முடிந்தால் கண் பரிசோதனைக்கோ மாத்திரைக்கோ உதவுகிற அளவுக்குப் பணம், அதையும் கவரில் போட்டுப் புடவைக்குள் வைத்துக் கொடுங்கள், எல்லோர் முன்னாலும் நீட்ட வேண்டாம். அவர் சாப்பிடச் சொல்வார், சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

தங்கையையும் கூட்டிக்கொண்டு போங்கள் தம்பி. அந்தச் சோற்றைச் சாப்பிட்டது அவர்தானே, ஆயா அவரைப் பார்த்தே இருக்க மாட்டார்.