கருதுகோள் வளர்ந்தால் கோட்பாடு ஆகிவிடுமா?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. அறிவியல் கண்காட்சிக்காகப் பச்சைப்பயறை இருட்டிலும் வெளிச்சத்திலும் வளர்த்துப் பார்க்கப்போகிறாள். 'இருட்டில் நன்றாக வளரும் என்பது என் கோட்பாடு' என்று எழுதியதை ஆசிரியர் அடித்து, 'கருதுகோள்' என்று திருத்தியிருக்கிறார். நிரூபித்துவிட்டால் அது கோட்பாடுதானே?

பதில்: இல்லை. ஆசிரியர் திருத்தியது சரி. ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு, சோதித்துப் பார்க்கும்படி நாம் முன்வைக்கும் பதில்தான் கருதுகோள். கோட்பாடு என்பது ஏராளமான நிகழ்வுகளைச் சேர்த்து விளக்குவது. பல கருதுகோள்கள் பிறப்பதே அதிலிருந்துதான்.

யுரேனஸ் கோள், கணக்குப் போட்ட பாதையில் போகாமல் சற்றே விலகிப் போனது. நியூட்டனின் ஈர்ப்புக் கோட்பாட்டை வைத்து, பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே ஒரு கருதுகோள் சொன்னார்: அப்பால் இருக்கும் வேறொரு கோள் அதை இழுக்கிறது. எங்கே தேட வேண்டும் என்றும் கணக்கிட்டுக் கொடுத்தார். 1846 செப்டம்பர் 23 அன்று இரவு பெர்லினில் காலே என்ற வானியலாளர் தேடினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள் நெப்டியூன் இருந்தது!

அப்புறம் புதனின் பாதையிலும் ஒரு பிசகு. நூறாண்டுக்கு 43 விநாடிக் கோணம், அதாவது ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் அதில் வெறும் 43. 1859-ல் லெவெரியே அதே பாணியில், சூரியனுக்குப் பக்கத்தில் இன்னும் யாரும் பார்க்காத கோள் இருக்கலாம் என்றார். 'வல்கன்' என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். எவ்வளவு தேடியும் அது கிடைக்கவே இல்லை. அந்த 43 விநாடிக்குக் கணக்குச் சொன்னது, 1915-ல் வந்த ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் கோட்பாடு.

நெப்டியூன் கருதுகோள் ஜெயித்தது. ஆனாலும் 'நெப்டியூன் கோட்பாடு' என்று யாரும் சொல்வதில்லை. அது சரிபார்க்கப்பட்ட ஓர் உண்மை, அவ்வளவுதான். நியூட்டனின் கோட்பாடோ புதனிடம் சறுக்கியும் கைவிடப்படவில்லை. ராக்கெட் ஏவும் கணக்குகளுக்கு இன்றும் பெரும்பாலும் அதுவே போதும்.

இப்போது உங்கள் மகளின் வரிக்கு வருகிறேன். 'நன்றாக வளரும்' என்றால் உயரமா, எடையா, இலையா? தவறாகிப்போவதற்கும் இடம் இருந்தால்தான் அது நல்ல கருதுகோள். இப்படி எழுதச் சொல்லுங்கள்: 'ஒரே அளவு தண்ணீர் ஊற்றினால், 7 நாளில் இருட்டில் உள்ள நாற்றுகளின் சராசரி உயரம் வெளிச்சத்தில் உள்ளவற்றைவிட அதிகமாக இருக்கும்.' ஸ்கேலை வைத்து அளந்தால் தெரிந்துவிடும். நிறத்துக்கும் தண்டின் பருமனுக்கும் தனியாக ஒரு கட்டம் போடட்டும். இருட்டில் வளரும் நாற்றுகள் பொதுவாக வெளிர் மஞ்சளாக, மெலிந்து நீளும்.

முடிவில் 'நிரூபித்துவிட்டேன்' வேண்டாம். 'என் அளவீடுகள் கருதுகோளை ஆதரிக்கின்றன' என்பதே சரி. ஆதரிக்காவிட்டால் அதையும் அப்படியே எழுதட்டும். தயவுசெய்து எண்களை மட்டும் மாற்ற விடாதீர்கள்.