விமானத் தூரமும் பயண நேரமும்: கேள்வி-பதில்

கே: சிட்னி–லாஸ் ஏஞ்சலஸ் தூரம் ஓர் இடத்தில் 12,050, இன்னொன்றில் 7,490, மற்றொன்றில் 6,510. எது சரி?

மூன்றும். முதலாவது கிலோமீட்டர், அடுத்தது மைல், கடைசி கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளாதீர்கள்.

கே: அதே வழியில் காலை 10 மணிக்குக் கிளம்பி, அதே நாள் காலை 6.30க்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது. அச்சுப்பிழையா?

இல்லை. நடுவே, கடந்தால் தேதி மாறும் பன்னாட்டுத் தேதிக்கோட்டைத் தாண்டுகிறீர்கள். உள்ளூர் நேரங்களை நேரடியாகக் கழிக்காதீர்கள், இரண்டையும் யு.டி.சி.க்கு (உலகப் பொது நேரம்) மாற்றிவிட்டுக் கழியுங்கள். பதின்மூன்றரை மணி நேரம் வரும். இரு ஊர்களிலும் கோடை நேரம் (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவது) எதிரெதிர்ப் பருவத்தில் வருவதால் நேர வித்தியாசம் ஆண்டுக்குள்ளேயே 17, 18, 19 மணி என்று மாறும். போன முறை போட்ட கணக்கு இந்த முறைக்கு உதவாது.

கே: லண்டன்–நியூயார்க் 5,550 கி.மீ., விமான வேகம் மணிக்கு 900 கி.மீ. ஆறு மணி நேரம்தானே? ஏன் எட்டு போடுகிறார்கள்?

வாரம் தவறாமல் வரும் கணக்கு இது. தூரத்தை 900ஆல் வகுத்து, அந்த விடையை நம்பி அடுத்த விமானத்தையும் பதிவு செய்துவிட்டு, பிறகு கேள்வி அனுப்புகிறார்கள்!

900 என்பது சுமார் 11 கி.மீ. உயரத்தில், சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம். தரைக்கு மேல் நகரும் வேகம் வேறு. மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்று (அந்த உயரத்தில் வேகமாக ஓடும் காற்றோட்டம்) எதிரே மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் இருந்தால் 900 என்பது 800 ஆகிவிடும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. அதில் கால் மணி போகும். ஓடுபாதைக்கு உருண்டுபோவது, இறங்கியபின் கேட்டுக்கு (பயணிகள் ஏறி இறங்கும் வாயில்) வருவது இரண்டும் சேர்ந்து அரை மணி. பாதையும் நூல் பிடித்தாற்போல் போகாது. 100, 150 கி.மீ. கூடும். எல்லாம் சேர்த்தால் எட்டு. திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் ஏழு. குளிர்காலத்தில் காற்று வலுக்கும், வித்தியாசமும் கூடும்.

தோராயம் போதுமென்றால் தூரத்தை 850ஆல் வகுத்து முக்கால் மணி சேருங்கள். மேற்கு நோக்கிய நெடும்பயணமானால் இன்னும் அரை மணி. டிக்கெட் எடுக்க அதுவும் கூடாது. விமான நிறுவன அட்டவணையில் உள்ள கேட்டிலிருந்து கேட் வரையிலான நேரம்தான் கணக்கு.

கே: துபாய்–லாஸ் ஏஞ்சலஸ் விமானம் ஏன் வடதுருவப் பக்கம் சுற்றிக்கொண்டு போகிறது?

சுற்றவில்லை, அதுதான் குறுக்குவழி. தட்டை வரைபடத்தை மூடிவிட்டு உருண்டையில் நூலைப் பிடித்துப் பாருங்கள்.

கே: ஹெல்சின்கி–டோக்கியோ முன்பு ஒன்பதரை மணி. இப்போது 13. விமானம் மெதுவாகிவிட்டதா?

வேகம் அதேதான். 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதால் துருவம் வழியாகவோ தெற்கே சுற்றியோ போகிறார்கள். தூர அளவு சொல்லும் தளங்கள் இன்னும் பழைய 7,800 கி.மீ.யைத்தான் காட்டும், அது வரைபடத் தூரம், பறக்கும் தூரம் இல்லை.

கே: டோக்கியோவில் இறங்கி இரண்டரை மணி நேரத்தில் அடுத்த விமானம். போதுமா?

எந்த விமான நிலையம் என்று எழுதவில்லையே! நரிடாவில் இறங்கி ஹானேடாவில் ஏறுவதானால் போதாது. இடையே சாலையில் 70 கி.மீ.க்கு மேல். ஒரே நிலையம், ஒரே டிக்கெட் என்றால் போதும். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் உங்கள் நஷ்டம். ஐந்து மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இறங்கும் நேரத்தையும் கேட் நேரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.