வெள்ளை மேகத்துக்கு ஏன் 'கார்'?

கேள்வி: அண்மையில் விமானத்தில் சென்றபோது, தொலைவில் மலைபோல் எழுந்து நின்ற வெண்ணிற மேகம் ஒன்றைக் கண்டேன். அதுதான் 'கார்திரள் மேகம்' என்றும், அறிவியலில் அதற்குக் 'குமுலோநிம்பஸ்' என்று பெயர் என்றும் உடன் வந்த நண்பர் கூறினார். வெண்மையான மேகத்துக்குக் 'கார்' என்ற அடைமொழி எவ்வாறு பொருந்தும்?

பதில்: உங்கள் நண்பர் சொன்னது சரியே. 'கார்' என்றவுடன் நிறம் மட்டும் நினைவுக்கு வருவதால்தான் இந்த ஐயம் எழுகிறது. லத்தீனில் 'குமுலஸ்' என்றால் குவியல். 'நிம்பஸ்' என்றால் மழை அல்லது மழைமேகம். லண்டனில் மருந்து தயாரிக்கும் தொழில் செய்துவந்த லூக் ஹோவர்ட், 1802இல் ஆற்றிய உரையில் மேகங்களை வகைப்படுத்தியபோது இவ்விரு சொற்களையும் தனித்தனியே பயன்படுத்தினார். இரண்டையும் இணைத்த பெயர் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வழக்குக்கு வந்தது. தமிழில் 'கார்' என்பதற்குக் கருமை, மேகம், மழை, மழைக்காலம் ஆகிய எல்லாப் பொருள்களும் உண்டு. ஆகையால், நம் பாடநூல்களில் வழங்கும் 'கார்திரள்' மூலத்தைவிடவும் நிறைவான பெயர் என்பேன்.

நிறமோ பார்ப்பவர் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. வெயில் படும் பக்கத்தைப் பார்த்த உங்களுக்கு அது காலிஃபிளவர் பூப்போல் வெள்ளையாகத் தெரிந்தது. அதன் அடியில் குடையைத் தேடிக்கொண்டிருந்தவருக்கோ, பல கிலோமீட்டர் தடிப்புள்ள நீர்த்துளிகளையும் பனித்துகள்களையும் கடந்து வெளிச்சம் இறங்காததால், அதே மேகம் மைபோல் கறுத்திருக்கும். அடிப்பகுதி பெரும்பாலும் தரையிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்க, உச்சி வெப்பமண்டலப் பகுதிகளில் 15 கிலோமீட்டரையும் தாண்டுவதுண்டு.

அந்த உச்சிக்கும் தனிப் பெயர்கள் உள்ளன. அது மொழுமொழுவென்று உருண்டிருக்கும் நிலையில் 'கால்வஸ்', அதாவது வழுக்கைத் தலை. துளிகள் உறைந்து, விளிம்பு இழையிழையாகப் பிரியத் தொடங்கியதும் 'கபில்லாட்டஸ்', அதாவது முடி உடையது. (நமக்கு வயது ஏறினால் முடி கொட்டுகிறது, மேகத்துக்கு முளைக்கிறது!) மேலேறும் காற்று அடிவளி மண்டலத்தின் எல்லையில் முட்டி, மேலும் உயர வழியின்றிப் பக்கவாட்டில் பரவும்போது, உச்சி தட்டையாகி, கொல்லர் இரும்பை வைத்து அடிக்கும் பட்டறைக்கல்லின் வடிவத்தைப் பெறும், அதே பொருளுடைய 'இன்கஸ்' என்ற சொல்லே இந்த வடிவத்துக்குப் பெயராயிற்று.

விமானிகள் இம்மேகத்தைச் சுருக்கமாகச் 'சிபி' என்பார்கள். இதனுள் மேலேறும் காற்றும் கீழிறங்கும் காற்றும் அருகருகே பாய்வதாலும், ஆலங்கட்டியும் மின்னலும் உடனிருப்பதாலும், ரேடாரில் கண்டவுடன் பல கிலோமீட்டர் விலகியே விமானத்தைச் செலுத்துவார்கள். நீங்கள் அதைத் தொலைவில் மட்டுமே பார்க்க நேர்ந்தது அதனால்தான்.