வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்குக் கல்லூரியும் நிறுவனமும் சேர்ந்து எப்படி உதவுகின்றன?

ஊழியரின் கல்லூரிக் கட்டணத்தை நிறுவனம் ஏன் கட்ட வேண்டும், அதில் அதற்கு என்ன லாபம் என்று கேட்டிருக்கிறீர்கள். தர்மத்துக்கு யாரும் கட்டுவதில்லை. அமெரிக்காவின் லூயிவில் நகரத்தைப் பாருங்கள்.

அங்கே யுபிஎஸ் கூரியர் நிறுவனத்தின் பெரிய விமான மையம் இருக்கிறது. நள்ளிரவை ஒட்டி விமானங்கள் வரிசையாக இறங்கும். பார்சல்களை இறக்கி, ஊர்வாரியாகப் பிரித்து, விடிவதற்குள் மறுபடி ஏற்றியாக வேண்டும். இந்த ராத்திரி ஷிஃப்டுக்கு ஆள் பிடிப்பதே பெரும்பாடு; வந்தவர்களும் நிலைக்கவில்லை. அதனால் 1998-இல் யுபிஎஸ், கென்டக்கி மாநில அரசு, லூயிவில் பல்கலைக்கழகம் போன்றவை சேர்ந்து ‘மெட்ரோபாலிட்டன் காலேஜ்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கின. பெயர்தான் காலேஜ், பட்டம் தருவது கூட்டாளிக் கல்லூரிகள்தான். ராத்திரி வேலை பார்ப்பவரின் படிப்புச் செலவை நிறுவனமும் அரசும் பங்கிட்டுக்கொள்ளும். நிறுவனத்துக்கு நிலையான ஆள், கல்லூரிக்கு மாணவர், ஊருக்கு வேலைவாய்ப்பு.

ஆனால் ஒரு கொக்கி உண்டு: வேலையை விட்டால் உதவியும் நின்றுவிடும்.

விடிய விடியப் பெட்டி தூக்கியவரை எட்டு மணி வகுப்பில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? அதனால் என்னைக் கேட்டால் பணத்தைவிட நேர அட்டவணைதான் முக்கியம். ஸ்டார்பக்ஸ் காபிக்கடை நிறுவனம் தன் ஊழியர்களின் படிப்புக்காக 2014-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தபோது படிப்பை முழுக்க ஆன்லைனில் வைத்தது. குடும்பஸ்தர்களுக்கு அதுதான் ஒத்துவரும்.

அப்புறம், உங்கள் நிறுவனத்தில் இப்படித் திட்டம் இருந்தால், கட்டணத்தை நேராகக் கல்லூரிக்குக் கட்டுவார்களா, நீங்கள் கட்டியபின் திருப்பித் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். கையில் காசில்லாதவர்கள் இரண்டாவதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.