பழைய அமெரிக்க கட் கிளாஸ்: கேட்டவையும் சொன்னவையும்

இருப்பது ஒஹாயோவில். பதினைந்து வருஷத்துக்கு மேலாகப் பழைய கட் கிளாஸ், அதாவது சக்கரத்தில் வைத்து வடிவங்கள் வெட்டிய கண்ணாடிப் பாத்திரங்கள், சேர்க்கிறேன். கடை வைக்கவில்லை, விற்பதும் இல்லை. இதைப் பற்றி எனக்கு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன். "இது எவ்வளவுக்குப் போகும்?" என்று படம் மட்டும் அனுப்பியவர்கள் மன்னிக்கவும். கையில் எடுத்துப் பார்க்காமல் நான் விலை சொல்வதில்லை.

எடிசன், நியூஜெர்சி: அக்கா, எஸ்டேட் சேலில் (ஒரு வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்கும் இடத்தில்) ஒரு கிண்ணம் வாங்கினேன். விற்றவர் கட் கிளாஸ் என்றார். சிநேகிதி பார்த்துவிட்டு, அச்சில் வார்த்தது, ஏமாந்துவிட்டாய் என்கிறாள். யார் சொல்வது சரி?

கண்ணை மூடிக்கொண்டு வடிவங்களின் மேல் விரலை ஓட்டுங்கள். கொஞ்ச நேரம் வாயில் போட்டுச் சப்பிய கற்கண்டு மாதிரி முனைகள் மழுங்கி இருந்தால் அது அச்சு. பாக்கெட்டிலிருந்து அப்போதுதான் எடுத்த கற்கண்டு மாதிரி விளிம்பு நறுக்கென்று இருந்தால் வெட்டியது. என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு முறை இந்த ஒரு சோதனையே போதும்.

அப்புறம் ஒரு லென்ஸை எடுத்துக்கொண்டு, கோடுகள் சந்திக்கும் இடங்களைப் பாருங்கள். கையால் வெட்டியதில் ஏதாவது ஒரு கோடு மயிரிழை அளவு தாண்டிப் போயிருக்கும், பக்கத்து நட்சத்திரம் ஒரு துளி பெரிதாக இருக்கும். அச்சில் எல்லாம் ஒரே அளவு. அச்சு இணைந்த இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடும் தெரியலாம். ஆனால் அந்தக் கோடு இல்லை என்பதை வைத்து வெட்டியது என்று முடிவு கட்டாதீர்கள். நெருப்பில் காட்டி அதை மறைத்துவிடுவார்கள்.

நகத்தால் சுண்டினால் மணி மாதிரி ஒலிக்கும் என்பது உண்மைதான், அகன்ற கிண்ணத்துக்கு. கைப்பிடி வைத்த ஜாடியும் குறுகிய கழுத்துக் குப்பியும் அசலாகவே இருந்தாலும் "டொக்" என்றுதான் சொல்லும். தயவுசெய்து கரண்டியால் தட்டிப் பார்க்காதீர்கள்.

இன்னொரு கலப்பினமும் உண்டு. 1900-க்குப் பிறகு சில பட்டறைகள், பெரிய கோடுகளை அச்சிலேயே வார்த்துக்கொண்டு, மேலே மட்டும் சாணை பிடித்தன. வெளியே விரல் நறுக்கென்று உணரும். கிண்ணத்தின் உள்பக்கத்தைத் தடவினால்தான் குட்டு வெளிப்படும்: வெளியே இருக்கும் பள்ளத்துக்கு ஏற்ப உள்ளேயும் மேடு பள்ளம் தட்டும். முழுக்க வெட்டியதில் உட்புறம் வழவழவென்று இருக்கும்.

டாலஸ்: என் கிண்ணத்தின் நடுவில் ஒரு வட்டத்துக்குள் ஹோர் என்ற பெயரும் 1853 என்ற வருஷமும் மங்கலாக இருக்கிறது. அப்படியானால் 170 வருஷத்துக்கு மேல் பழசா?

நல்ல கம்பெனி, ஆனால் அந்த வருஷத்தை நம்பாதீர்கள். ஜே. ஹோர் நிறுவனம் தன் தொடக்கம் என்று போட்டுக்கொண்ட ஆண்டு அது, கிண்ணம் பிறந்த ஆண்டு அல்ல. நம் ஊர் கடைப் பலகையில் 'ஸ்தாபிதம்' என்று எழுதுவதைப் போல. புரூக்ளினில் தொழில் செய்த ஜான் ஹோர், 1868-இல் நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் ஊருக்கு வெட்டும் பட்டறையைக் கொண்டுவந்தார். உங்கள் முத்திரையில் கார்னிங் என்ற பெயரும் இருந்தால், அதற்குப் பிந்தையதுதான்.

முத்திரை பற்றிப் பலர் கேட்டிருப்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவை ரப்பர் முத்திரையில் அமிலம் தொட்டு வைத்தவை. நேராகப் பார்த்தால் தெரியாது, விளக்குக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். லிப்பி கம்பெனி என்றால் பெயருக்குக் கீழே ஒரு வாள், ஹாக்ஸ் கம்பெனி என்றால் மூவிலை வளையத்துக்குள் இரண்டு பருந்துகள். பெயர் தேடி வாங்குபவர்கள் அதிகம் என்பதால் போலி முத்திரையும் நடமாடுகிறது. மறுபுறம், டார்ஃப்ளிங்கர் போன்ற உயர்ந்த பட்டறை பெரும்பாலும் காகித லேபிள்தான் ஒட்டியது. முதல் கழுவலிலேயே அது போயிருக்கும். முத்திரை குத்திய சுமார் கிண்ணத்துக்கு அதிக விலை கொடுத்துவிட்டு, முத்திரை இல்லாத அற்புதத்தை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தவள் நான். இரண்டாவது தவறுதான் இன்றும் வலிக்கிறது.

சிகாகோ: இதை எப்படித்தான் வெட்டினார்கள்? இயந்திரமா?

சக்கரத்தைச் சுழற்றியது இயந்திரம், வெட்டியது கை. சாணை பிடிப்பவர் கத்தியைச் சக்கரத்தில் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவருக்குத் தீட்டும் விளிம்பு கண்ணெதிரே இருக்கும். கட் கிளாஸ்காரருக்கு அந்த வசதி இல்லை. கிண்ணத்தைச் சக்கரத்தின் மேல் வைத்து அழுத்துவார், வெட்டுப்படும் பக்கம் கீழே இருக்கும். கண்ணாடியின் ஊடாகவே, ஈர மணல் வழிந்துகொண்டிருக்கும்போதே, கீழே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கிண்ணமோ தடித்த கண்ணாடி, கல் மாதிரி கனம்.

முதலில் கிண்ணத்தின் மேல் முக்கியமான கோடுகளை மட்டும் வரைவார்கள். மேலே இருக்கும் புனலிலிருந்து மணலும் நீரும் சொட்ட, இரும்புச் சக்கரம் முரட்டுப் பள்ளம் போடும். அடுத்து மணற்கல் சக்கரம் அதை மென்மையாக்கி, நுண்கோடுகளையும் போடும். இந்தக் கட்டத்தில் வடிவம் எல்லாம் மங்கலாக, பனி படிந்த ஜன்னல் மாதிரி இருக்கும். கடைசியில் மரச் சக்கரத்தில் பொடி தடவித் தேய்த்தால்தான் பளபளப்பு. அதற்கு நேரம் பிடிக்கிறதென்று, பிற்பாடு அமிலத்தில் முக்கி எடுக்க ஆரம்பித்தார்கள். மரத்தில் தேய்த்ததன் பள்ளத்துக்குள் லென்ஸில் மெல்லிய வரிகள் தெரியும். அமிலம் பட்டது மெழுகு பூசினாற்போல் இருக்கும். எனக்கு மரம்தான் பிடிக்கும்.

நேர்கோடுகளே வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், டார்ஃப்ளிங்கர் பட்டறையின் ஜான் ஓ'கானர் வளைந்த பள்ளத்தைக் கொண்டுவந்தார். 1886-இல் அவர் காப்புரிமை பெற்ற 'பாரிசியன்' வடிவத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். சக்கரமோ வட்டம், கிண்ணமும் வட்டம், அதில் ஒரு வளைவை வழுக்காமல் இழுப்பது எவ்வளவு சிரமம் என்று அப்போது புரியும்.

சான் ஹோசே: 'பிரில்லியன்ட் காலம்' என்கிறார்களே, அது எது? ஏன் நின்றுபோனது?

அமெரிக்க கட் கிளாஸ் கொடிகட்டிப் பறந்த காலம், ஏறத்தாழ 1876 முதல் 1917 வரை. 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் உள்நாட்டுக் கண்ணாடியைப் பார்த்த பிறகுதான் அமெரிக்கப் பணக்காரர்களுக்கு ஐரோப்பிய மோகம் கொஞ்சம் குறைந்தது. 1889 பாரிஸ் கண்காட்சியில் ஹாக்ஸ் நிறுவனம் பெரும் பரிசு வாங்கியது. அதைத் தொடங்கிய தாமஸ் ஹாக்ஸ் அயர்லாந்திலிருந்து வந்து, முதலில் ஹோரிடம் வேலை பார்த்தவர். முடிவுக்குப் பல காரணங்கள்: இந்தக் கண்ணாடியில் சேர்க்கும் ஈயம் முதல் உலகப் போரில் ஆயுதத்துக்குப் போனது, கூலி ஏறியது, மலிவான அச்சுக் கண்ணாடி சந்தையை நிரப்பியது, ரசனையும் மெல்லிய, லேசான கண்ணாடிக்குத் திரும்பியது.

அட்லான்டா: மாமியார் கொடுத்த கிண்ணத்தில் எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன். ஈயம் இருக்கிறது என்கிறார்களே?

இன்றே எடுத்துவிடுங்கள்! புளிப்பும் உப்பும் நாள் கணக்கில் நின்றால் கண்ணாடியிலிருந்து ஈயம் இறங்கும். குப்பியில் ஒயின் ஊற்றி மாதக்கணக்கில் வைப்பதும் அப்படித்தான். விருந்தன்று பழம் பரிமாறி அன்றே கழுவி வைத்துவிடுவது வேறு விஷயம், நானும் செய்கிறேன்.

டொராண்டோ: டிஷ்வாஷரில் போடலாமா?

கூடாது. சிங்க்கில் ஒரு துண்டை விரித்து, மோதிரத்தைக் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். நான் ஒருமுறை வெந்நீரில் கழுவிய பஞ்ச் கிண்ணத்தில் (விருந்தில் பழரசக் கலவை பரிமாறும் பெரிய கிண்ணம்) அவசரமாக ஐஸ் கட்டிகளைக் கொட்டினேன். விருந்தாளிகள் எதிரிலேயே 'டிக்' என்று ஒரு சத்தம், விளிம்பிலிருந்து அடி வரை ஒரு கோடு. அந்தக் கிண்ணத்தில் இப்போது வெங்காயம் இருக்கிறது.

சென்னை: காரைக்குடி வீட்டில் தாத்தா காலத்து கட் கிளாஸ் தட்டு இருக்கிறது. அமெரிக்காவுடையதாக இருக்குமா?

வாய்ப்பு குறைவு. அக்காலத்தில் இந்தியாவுக்கு வந்த உயர்ரகக் கண்ணாடியில் பெரும்பகுதி இங்கிலாந்து, பெல்ஜியம், பொஹிமியா சரக்கு. பர்மிங்ஹாமின் ஆஸ்லர் கம்பெனிக்குக் கல்கத்தாவில் காட்சியறையே இருந்தது. அமெரிக்காவுடையது இல்லை என்பதற்காக அதன் மதிப்பு குறையாது. பரணில் போடாதீர்கள்.

ஹூஸ்டன்: இணையத்தில் வாங்கும்போது எதைக் கேட்க வேண்டும்?

விளிம்பின் படம், பக்கவாட்டிலிருந்து. வாயோரத்தில் ரம்பப் பல் மாதிரி வெட்டியிருப்பார்கள். ஒரு பல் தெறித்தால் அந்தப் பகுதி முழுவதையும் அரைத்துச் சமன்செய்துவிடுவார்கள். ஒரு பக்கம் பல் ஆழமாக, மறுபக்கம் ஆழமில்லாமல் இருந்தால் அரைத்தது. விளிம்பில் தொடங்கும் விசிறி வடிவத்தின் நுனி வெட்டுப்பட்டு நின்றாலும் அதேதான். உள்ளே வெண்மை படிந்து, "கழுவினால் போகும்" என்று விற்பவர் எழுதியிருந்தால், அவர் ஏன் கழுவவில்லை என்று யோசியுங்கள்.

பிட்ஸ்பர்க்: எங்கே போய்ப் பார்க்கலாம்?

உங்களுக்கு ஒஹாயோவின் டோலிடோ எட்டும் தூரம்தான். 1904 செயின்ட் லூயிஸ் கண்காட்சிக்காக லிப்பி வெட்டிய பஞ்ச் கிண்ணம் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஏறக்குறைய 60 கிலோ. அதைச் சக்கரத்தின் மேல் பிடித்தவர்களை நினைத்துக்கொண்டு பாருங்கள். கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

ராலே: பழைய பெட்டியில் சின்ன டம்பெல் மாதிரி ஒரு கண்ணாடித் துண்டு இருந்தது. இரண்டு பக்கமும் உருண்டை, நடுவில் தண்டு. பேப்பர்வெயிட்டா?

கத்தி தாங்கி. இறைச்சி நறுக்கிய கத்தி மேசை விரிப்பைக் கறையாக்காமல் இருக்க, அதன் மேல் சாய்த்து வைப்பார்கள். உருண்டைகள் தெறிக்காமல் இருந்தால் நல்ல அதிர்ஷ்டம் உங்களுக்கு. என்னிடம் இருப்பதில் ஒரு பக்கம் சில்லு போயிருக்கிறது, அடுப்புக்குப் பக்கத்தில் தோசைக் கரண்டியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.